பிளஸ் டூவில் மதிப்பெண் உண்டு, நீட்டில் இல்லை: பிள்ளையை எங்கே சேர்ப்பது? (ராயப்பேட்டை ஜுமுஆ பயான்)



போன வாரம் இஷாவுக்குப் பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மகள் பிளஸ் டூவில் 600-க்கு 572. மாஷா அல்லாஹ். ஆனால் நீட் எழுதிவிட்டு வந்து விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 200-ஐத் தாண்டவில்லை. "ஹஜ்ரத், டாக்டர் ஆகப்போறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நாலு பேர் முன்னாடி தலை காட்ட முடியல" என்றார்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பேசுவதில்லை என்றார். அவள் பேசுவதில்லையா, நீங்கள் பேசுவதில்லையா என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைய பயானை இந்த விஷயத்துக்கு ஒதுக்கினேன். இப்படி எத்தனை வீடுகளில் பேச்சு நின்று போயிருக்கிறதோ, அல்லாஹ் அறிவான்.

2017-ல் அரியலூர் மாவட்டத்து அனிதாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1200-க்கு 1176 எடுத்த பிள்ளை. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி அவரை இழந்தோம். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் சட்டமன்றம் 2021-லும் 2022-லும் மசோதா நிறைவேற்றியது. அதை மிம்பரில் தீர்க்க நான் வரவில்லை. நம் கையில் இருப்பது நம் வீடு. பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தனியாகவே இருக்கிறது என்றால் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேவைப்பட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் டூ தேர்வு, படித்ததை விரித்து எழுதும் தேர்வு. நீட் என்பது மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். இரண்டும் வேறு வேறு பழக்கம். ஒன்றில் தேர்ந்த பிள்ளை இன்னொன்றில் தடுமாறினால், அது சோம்பேறி என்றோ, பள்ளி மதிப்பெண் பொய் என்றோ ஆகிவிடாது.

ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். பத்ருக்குப் புறப்பட்டபோது, வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர் அவர்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. ஆசைப்பட்ட வாசல் மூடியது. ஆனால் அந்தச் சிறுவரிடம் இருந்த மனன ஆற்றலை நபி (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதத்தில் கற்று முடித்தார்கள் என்று திர்மிதியில் பார்க்கிறோம். வஹியை எழுதுகிறவர்களில் ஒருவரானார்கள். யமாமா போருக்குப் பிறகு குர்ஆனை ஒன்று திரட்டும் பொறுப்பை அபூபக்ர் (ரலி) அவர்கள் யாரிடம் கொடுத்தார்கள்? இதே ஸைதிடம்தான். திருப்பி அனுப்பப்பட்ட அன்று அவர்கள் வீட்டார் "மானம் போச்சு" என்று முகத்தைத் திருப்பியிருந்தால்?

சரி, இந்தப் பிள்ளையின் 572-க்கு எந்த வாசல் திறந்திருக்கிறது? நம்மில் பலருக்குத் தெரியவில்லை. தவக்குல் என்றால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவது என்று எல்லோரும் சொல்கிறோம். விண்ணப்பமே போடாமல் நம்புவது எந்த வகை?

நம் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் அதே வழிதான், குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கும் அதே வழிதான். உயிரியலோடு கணக்கும் எடுத்த பிள்ளைக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு, இவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம் நம் காலடியிலேயே இருக்கிறது. 1951-ல் நம் முன்னோர்கள் கல்விச் சங்கம் வைத்துத் தொடங்கிய நியூ காலேஜ், பீட்டர்ஸ் ரோட்டில். பெண் பிள்ளைகளுக்கென்று 1955-ல் நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் அவர்கள் தொடங்கிய கல்லூரி தேனாம்பேட்டையில். அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி. அதைக் கடந்துதான் தினமும் போகிறோம். ஆனால் "அங்கே சேர்த்தால் சாதாரணமாக நினைப்பார்கள்" என்கிறோம். யார் நினைப்பார்கள்? நினைக்கிறவர் ஃபீஸ் கட்டப் போகிறாரா?

இன்னொரு விஷயம், சாதிச் சான்றிதழ். 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, தக்னி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவு சான்றிதழில் இருக்க வேண்டும். வெறுமனே முஸ்லிம் என்று இருந்தால் கவுன்சலிங் நேரத்தில் ஓட வேண்டிவரும். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது. இவையெல்லாம் சலுகைப் பிச்சை அல்ல. உரிமை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். அந்தச் சகோதரர் எழுந்து போகும்போது மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், வீட்டுப் பத்திரத்தை வெச்சு வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். சேர்த்திடலாம்னு ஒருத்தர் சொல்றார்." வட்டிக்கு. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. மார்க்கத்தை ஒரு பக்கம் வையுங்கள் என்று யாராவது சொல்வீர்களானால், கணக்கையாவது பாருங்கள். வெளிநாடு போய்ப் படிக்கவும் இப்போது நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதங்கள், பிறகு அங்கேயே ஒரு வருடப் பயிற்சி. திரும்பி வந்தால் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் வைத்தியம் பார்க்கலாம். கொள்குறித் தேர்வில் தடுமாறுகிற பிள்ளையை, முடிவில் இன்னொரு கொள்குறித் தேர்வு நிற்கிற பாதையில், வீட்டை அடகு வைத்து அனுப்புகிறோம்! முகவர் இதைச் சொல்லமாட்டார்.

மறுபடி ஒரு வருடம் நீட்டுக்குப் படிக்கலாமா என்று கேட்பார்கள். பிள்ளையே விரும்பி, மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டும் வந்தால் தாராளமாகப் படிக்கட்டும். தகப்பன் ஊரில் சொல்லிவிட்டார் என்பதற்காக வேண்டாம்.

எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவை, குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுக்கொடுப்பது போல நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. இஸ்திகாராவைப் பிள்ளையே தொழட்டும். படிக்கப் போவது அவள். நீங்களும் துஆ செய்யுங்கள். முடிவெடுத்த பிறகு "அப்படிச் செய்திருந்தால்" என்று பேசாதீர்கள். அந்தப் பேச்சு ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

நேற்று அஸருக்கு அந்தச் சகோதரர் வந்திருந்தார். மகள் கால்நடை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். "மாட்டு டாக்டராவும் இருக்கலாம்தானே அத்தா" என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து மற்ற விண்ணப்பங்களைத் தவற விட்டவர்கள் போன வருடமும் இருந்தார்கள். அதனால் இன்றும் நாளையும் மஃரிபுக்குப் பிறகு மதரஸா ஹாலில் கல்லூரியில் படிக்கும் நம் மஹல்லா இளைஞர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்து வாருங்கள். பெண் பிள்ளைகள் தாயாரோடு வரலாம், தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அத்தா மட்டும் வரவேண்டாம்.

நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.