வழிவிடுதல் என்னும் அறம்

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை ஓர் அரிய காட்சியைக் காணலாம். ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் ஸ்ரீபத்மநாப சுவாமி ஆலயத் திருவிழாக்களின் நிறைவில், ஆராட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வாயிலைக் கடந்து சங்குமுகம் கடற்கரையை நோக்கிப் புறப்படுகிறது. தொன்றுதொட்டு வந்த அந்தப் பாதையின் குறுக்கே இன்று விமான நிலையத்தின் ஓடுபாதை கிடக்கிறது. ஆராட்டு நாளில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்திக் கால்நடையாக வர, கருட வாகனத்தில் எழுந்தருளும் இறைவன் ஓடுபாதையைக் கடந்து நீராடச் செல்கிறார். இதற்காக விமானங்களின் நேரங்கள் முன்கூட்டியே மாற்றப்படுகின்றன. அதைக் காலவிரயம் என்று அந்நகரம் கருதுவதில்லை.

ஆக, வழிவிடுவது எப்படி என்பதை அந்நகரம் நன்கு அறியும்.

திருவிழா முடிந்த மறுநாள் கிழக்கே கோட்டையில் பேருந்திலிருந்து இறங்கி, சாலைக் கம்போளம் எனப்படும் பழைய கடைவீதிக்குச் செல்ல விரும்பும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். ஒரு கையில் பை, மறு கையில் பேரக்குழந்தை. ஓரடி எடுத்து வைக்கிறார். ஹாரன் ஒலி கேட்டுப் பின்வாங்குகிறார். இறைவனின் ஊர்வலத்துக்காக நின்ற சக்கரங்கள் அவருக்காக ஏன் நிற்பதில்லை? போக்குவரத்துத் துறை மட்டும் விடை கூறவேண்டிய வினாவன்று இது. மனிதன் எவரிடத்தில் எதைக் காண்கிறான் என்பதைப் பற்றிய வினா.

கேரளத்தின் காலடியில் அவதரித்த ஆதிசங்கரரின் வாழ்வில் நிகழ்ந்ததாக மரபு கூறும் ஒரு சம்பவம் இங்கு நினைவுகூரத் தக்கது. காசியில் கங்கைக்குச் செல்லும் குறுகிய வழியில் தீண்டத்தகாதவன் என்று கருதப்பட்ட ஒருவன் எதிரே வருகிறான். விலகிப் போகுமாறு அவனிடம் சொல்லப்படுகிறது. அவனோ, விலக வேண்டியது உடலா, உள்ளே ஒளிரும் ஆன்மாவா என்று கேட்கிறான். உடல் எனில், இரண்டும் ஒரே மண்ணால் ஆனவை. ஆன்மா எனில், எங்கும் நிறைந்த அது எங்கே விலகும்? மறுமொழியாகப் பிறந்ததே 'மனீஷா பஞ்சகம்' என்பது மரபு. அத்வைதத்தின் ஆழ்ந்த உண்மை வெளிப்பட்ட இடம், வழிவிடுவது யார் என்று இருவர் எதிரெதிரே நின்ற ஒரு தெரு.

அந்த உண்மை சமூக வாழ்வில் இறங்க நெடுங்காலம் பிடித்தது. திருவிதாங்கூரில் உயர்சாதியினர் வருவதை அறிவிக்கும் கூவல் கேட்டதும், தாழ்த்தப்பட்டோர் சாலையை விட்டு வயலில் இறங்கி ஒதுங்க வேண்டியிருந்த காலம் உண்டு. 1893-இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, விலக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டியில் அமர்ந்து சென்று அந்தத் தடையை மீறினார். 1924-இல் வைக்கத்தில் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. அதற்கு ஆதரவாக மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை கால்நடையாகவே வந்து அரசிடம் விண்ணப்பம் அளித்தனர். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று.

இன்று வெள்ளயம்பலம் சந்திப்பில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. வாகனங்கள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறப்பைக் காட்டி மனிதனை இழிவுபடுத்திய கொடுமையோடு இன்றைய நெரிசலை ஒப்பிடலாகாது. எனினும், 'வழி எனக்குரியது, நீ இடையூறு' என்ற அக்கூவலின் உட்பொருள் ஹாரன் ஒலியில் இன்னும் ஒலிக்கவே செய்கிறது.

அதன் விளைவு சிறிதன்று. 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பள்ளி மாணவரும் அறிந்த இயற்பியல். ஓட்டுநருக்கு மிச்சமாவது சில விநாடி. நடப்பவர் பணயம் வைப்பது உயிர். ஓட்டுநர் வன்மம் உடையவர் அல்லர். அவர் கண்ணில் மனிதன் படவில்லை. தடை மட்டுமே பட்டது. வேதாந்தம் அவித்தை என்று சொல்வதன் அன்றாட வடிவம் இதுவே.

"வாகனங்களுக்கும் அவசரம் உண்டு, மேடும் பள்ளமுமான பழைய நகரத்தில் தெருக்கள் குறுகியவை, என்ன செய்வது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆம்புலன்ஸுக்கு அனைவரும் வழிவிட வேண்டும். பேருந்தில் செல்வோரும் எளியோரே. ஆனால் இடம் குறைவாக இருக்கும்போதுதான் பங்கீட்டில் அறம் தேவைப்படுகிறது. உணவு குறைந்த வீட்டில் முதலில் குழந்தைக்கும் நோயாளிக்கும் பரிமாறுகிறாள் தாய். தெருவிலும் முதற்பங்கு, கவசம் ஏதுமின்றி வருபவருக்கே உரியது. கிழக்கே கோட்டையில் 2022-இல் நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. அது பலருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. எனினும், எல்லாச் சந்திப்புகளிலும் நடப்பவரை மேலேற்றிவிட்டு வாகனத்தின் வேகத்தை மட்டும் காப்பது முழுத் தீர்வாகாது.

சட்டமும் இத்திசையிலேயே வந்துள்ளது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறி, மாற்றுத்திறனாளிகளும் அதில் செல்ல இயல வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். அதன் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. முழங்கால் வலியுள்ள ஒருவர் தயங்காமல் ஏறும் உயரம் அது.

ஆனால் சட்டம் நடைபாதையைக் கட்டித் தரும்; அதன்மீது வண்டியை நிறுத்தாமலிருக்கும் மனத்தைக் கட்டித் தராது. அது சாதனையால் வருவது. குடியிருப்போர் சங்கத்தினர் ஒருநாள் தங்கள் பகுதியின் முதியவர் ஒருவருடன் கடைத்தெருவரை நடந்து பார்க்கலாம். பெயர்ந்த வடிகால் மூடியும் எரியாத விளக்கும் அப்போது கண்ணில் படும். அவற்றை மாநகராட்சியிடம் எடுத்துச் செல்லலாம். வாகனம் ஓட்டுபவர் வரிக்கோடுகளின் முன் தாமாகவே நிற்பதை ஒரு விரதமாக ஏற்கலாம். பின்னால் வருபவர் ஹாரன் ஒலிக்கக்கூடும். பொறுத்துக்கொள்வதும் தவமே.

ஆராட்டு நாளில் ஓடுபாதையின் ஓரத்தில் கைகூப்பி நிற்கும் பக்தர், கடந்து செல்லும் இறைவன் எல்லா உயிர்களிலும் உறைபவன் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை மெய்யானால், பையும் பேரக்குழந்தையுமாகச் சாலையோரத்தில் காத்திருக்கும் மூதாட்டியிடமும் அவனே நிற்கிறான். அவர் கடந்து முடிக்கும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதும் ஒரு வழிபாடே.