வழிகாட்டியா, வாயில்காப்போனா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே எட்டாம் வகுப்பில் பயின்றுவந்த கறுப்பினச் சிறுவன் ஒருவனிடம், எதிர்காலத்தில் என்ன தொழில் செய்ய எண்ணியிருக்கிறாய் என அவனுடைய ஆங்கில ஆசிரியர் ஒருநாள் வினவினார். சிறுவன் அதுகாறும் அதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவன் அல்லன். எனினும், வழக்கறிஞராக விரும்புவதாகச் சொன்னான். ஆசிரியர் வியந்தார். அவனைப் போன்றவனுக்கு அது எட்டாத ஆசை என்றும், கைவேலையில் அவன் கெட்டிக்காரனாதலால் தச்சுத் தொழிலைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்றும் கனிவோடு அறிவுரை கூறினார்.

அச்சிறுவன் படிப்பில் பின்தங்கியவன் அல்லன்; வகுப்பின் முன்னணி மாணவர்களுள் ஒருவன். ஏழாம் வகுப்பில் வெள்ளையின மாணவர்களே அவனைத் தங்கள் தலைவனாகத் தேர்ந்தெடுத்திருந்தனர். தந்தையை 1931இல் இழந்தவன். 1939இல் தாயும் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் ஆதரவற்று நின்றவன். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வெள்ளையினப் பிள்ளைகள் தங்கள் ஆசைகளைச் சொன்னபோது, அதே ஆசிரியர் ஊக்கம் அளித்தார் என்பதை அவன் பின்னர் அறிந்தான். அன்று முதல் அவன் உள்ளம் பள்ளியை விட்டு விலகிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு பாஸ்டன் நகரத் தெருக்கள், 1946இல் சிறைவாசம். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் உலகம் மால்கம் எக்ஸ் என அறிந்த மாமனிதர். 1964இல் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி, அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் எனத் திரும்பியவர். அவர் கொல்லப்பட்ட 1965ஆம் ஆண்டிலேயே வெளிவந்த தன்வரலாற்றில், அந்த உரையாடலைத் தம் வாழ்வின் முதற்பெரும் திருப்பமாக அவர் குறித்துள்ளார்.

நாம் இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார் என்பதை மால்கமே ஒப்புக்கொள்கிறார். தச்சுத் தொழிலும் இழிவானதன்று. தச்சன் இன்றி நமக்கு வீடேது, கதவேது? அவ்வாறாயின் தவறு எங்கே நேர்ந்தது? எதிரே நின்ற பிள்ளையைப் பாராமல், அவனுடைய நிறத்தைப் பார்த்து விடை சொன்னாரே, அங்கேதான் நேர்ந்தது. ஆகவே நம் முன் எழும் வினா இது: வளரும் ஒரு பிள்ளையின் நாளையைப் பற்றி இன்று தீர்ப்புச் சொல்ல, எவ்வளவு அன்புடையவராயினும், எவருக்கேனும் உரிமை உண்டா? அந்த உரிமை இல்லையெனில், பள்ளிகளில் நெறியுரையாளர் என ஒருவரை அமர்த்துவது எதற்காக?

இந்தப் பணி பிறந்த கதையைச் சற்றே நோக்குவோம். 1908ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், வந்தேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், தொழில் தேடும் இளைஞருக்கென ஓர் ஆலோசனை நிலையம் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர் பிராங்க் பார்சன்ஸ் என்பவர். பொறியியல் கற்று, சட்டம் பயின்று, ஆசிரியராகவும் உழைத்தவர். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துத் தெளிதல் என்னும் மூன்று படிகளை அவர் வகுத்தார். முடிவெடுக்க வேண்டியவன் இளைஞனே. உடனிருப்பவர் விளக்கை உயர்த்திப் பிடிப்பவர் மட்டுமே. நிலையம் திறந்த அதே ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.

ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குள் காற்று வேறு திசையில் வீசலாயிற்று. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, உயர்நிலைப் பள்ளிகளில் நெறியுரையாளர்களை அமர்த்தவும் பயிற்றவும் பெரும்பொருள் ஒதுக்கப்பட்டது. நோக்கம் என்ன? அறிவியலிலும் கணக்கிலும் திறமை மிக்க பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பது! நாட்டுக்குத் தேவை விஞ்ஞானிகள். அவர்களைச் சலித்தெடுக்க ஒரு சல்லடை வேண்டியிருந்தது. பிள்ளைக்கு விளக்குப் பிடிக்க வந்தவர் கைக்கு இவ்வாறு சல்லடையும் வந்து சேர்ந்தது. சல்லடையின் இயல்பு, மேலே நிற்பதை மட்டும் மதிப்பதன்றோ? 1963இல் சிக்கூரல், கிட்சூஸ் என்னும் இரு சமூகவியலார் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஆராய்ந்து எழுதிய நூல், நெறியுரையாளர்களின் மதிப்பீட்டில் மாணவனின் மதிப்பெண்ணோடு அவன் பிறந்த குடும்பத்தின் நிலையும் கலந்துவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டியது. மேசன் ஊரில் ஒரு சிறுவனுக்கு நேர்ந்தது, ஓர் அமைப்பின் வழக்கமாகவே ஆகிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

வழிகாட்டுவதற்கென்று அமர்த்தப்பட்டவர் வாயில்காப்போனாக மாறிவிடும் இந்த ஆபத்துக்கு மருந்து என்ன? நம் தமிழ் இதற்கொரு சொல்லை வைத்திருக்கிறது. நெறியுரைத்தலை ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். ஆற்றுப்படை என்பது நம் பழந்தமிழில் ஒரு தனித்த இலக்கிய வகை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்தக் காட்டைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் எவ்வுணவு கிடைக்கும், எங்கே விழிப்போடு நடக்க வேண்டும் என்றெல்லாம் விரித்துரைக்கிறான். உனக்கு அந்தத் தகுதி உண்டா என அவன் கேட்பதில்லை. எதிரே வருபவனுக்குப் பசி உண்டு என்பதே அவனுக்குப் போதும். வழிகாட்டிக்கும் வாயில்காப்போனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒருவன் வழியின் இயல்பைச் சொல்கிறான். மற்றவன் வந்தவனின் தகுதியை அளக்கிறான்.

இந்த நூற்றாண்டில் சிகாகோ நகரப் பள்ளிகள் செய்த ஒரு முயற்சி நம் கருத்துக்கு அரண் செய்கிறது. அந்நாட்டு உயர்நிலைக் கல்வி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள் கொண்டது. இடையில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு 2005இல் ஓர் உண்மையை வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது மேல்வகுப்புக்குரிய பாடத்தகுதியைப் பெற்று, முதன்மைப் பாடங்களில் ஓர் அரைப்பருவத் தோல்விக்கு மேல் இல்லாத மாணவர்கள், நான்கே ஆண்டில் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம். முந்தைய தேர்வு மதிப்பெண்ணோ குடும்பத்தின் வறுமையோ இந்த ஓராண்டு நிலையைப் போலத் தெளிவாக முடிவை முன்னறிவிக்கவில்லை. பிள்ளையின் விதி அவன் பிறப்பில் எழுதப்பட்டதன்று. இந்த ஆண்டில், இந்த வாரத்தில் அவன் வகுப்புக்கு வந்தானா என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்றன்றோ இதற்குப் பொருள்!

இதை உணர்ந்த பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர், நெறியுரையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாகக் கூடி அமர்ந்தனர். அவர்கள் முன் இருந்தது ஒரு பெயர்ப்பட்டியல். யார் மூன்று நாளாக வரவில்லை, எவர் எந்தப் பாடத்தில் சரிகிறார், அவரிடம் யார் பேசுவது, அடுத்த முறை கூடும்போது என்ன ஆயிற்று எனச் சொல்ல வேண்டியவர் யார் என ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசினர். கணக்கில் தோற்றவன் கணக்கு வராமல் தோற்றானா, காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரங்கழித்து வருவதால் முதல் பாடவேளையை இழக்கிறானா என்பதைக் கணக்காசிரியர் அறியமாட்டார். சமூகப் பணியாளர் அறிவார். கரும்பலகை கண்ணுக்குத் தெரியாததை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் பிள்ளையைப் பள்ளிச் செவிலி கண்டுகொள்வார். ஒருவர் கண்ணில் சோம்பேறியாகத் தோன்றுபவன், நால்வர் கூடிப் பேசும்போது சுமை தாங்கியாகத் தெரிகிறான். 2007இல் சிகாகோவில் நூற்றுக்கு 57 ஆக இருந்த, செவ்வனே முன்னேறும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் விகிதம் 2013இல் 82 ஆக உயர்ந்தது.

இதற்கு மறுப்புகள் எழாமல் இல்லை. பிள்ளையைக் கவனிப்பது பெற்றோர் கடமையன்றோ என்பர் சிலர். உண்மைதான். ஆனால் இரவுப் பணிக்குச் செல்லும் தாய், தன் மகன் இரண்டாம் பாடவேளையில் எங்கே இருந்தான் என்பதை எவ்வாறு அறிவாள்? பள்ளி அதைச் சொன்னாலன்றோ அவள் தன் கடமையைச் செய்ய இயலும்? விழுந்து எழுந்தால்தான் பிள்ளை பலம் பெறுவான் என்பர் வேறு சிலர். விழுவது நல்லதுதான், ஆனால் எழுவதற்குத் தரை இருக்க வேண்டும். பதினான்கு வயதில் பள்ளியை இழந்தவன் விழுவது தரையிலன்று, கிணற்றில்.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. நாமும் அதை எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. குழுவாகக் கூடிப் பேசும்போது ஒரு பிள்ளையின் துயரம் பலர் வாயில் புகுகிறது. தந்தை குடிப்பதும், வீட்டில் அடுப்பு எரியாததும், அவன் ஒருவரை நம்பிச் சொன்னவை. அவை பதிவேட்டில் ஏறி அவன் பின்னாலேயே நடக்கலாமா? பள்ளிப் பதிவேடுகளைப் பெற்றோர் பார்வையிடவும், தவறானவற்றைத் திருத்தக் கோரவும் உரிமையளித்து 1974இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியதற்கு இத்தகைய அச்சமே காரணம். ஆயினும் சட்டம் காகிதத்தைத்தான் காக்கும். நாவைக் காப்பது மனச்சான்று. ஒரு பிள்ளை நம்மிடம் சொன்ன சொல் அமானிதம். அவனுக்கு உதவுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே, உதவக்கூடியவரிடம் மட்டுமே, அது செல்ல வேண்டும். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்னும் நிலையில்தான் அந்தப் பூட்டு திறக்கலாம். அதையும் அவனுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத குழு, உதவிக் குழுவாகாது, ஊர்ப்பேச்சுத் திண்ணையாகிவிடும்.

இன்னொன்றும் நம்மை வருத்துகிறது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கண்டோம். அங்கே பல பள்ளிகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே மாணவர்கள் நெறியுரையாளர்களுக்குப் பங்கிடப்படுகின்றனர். நல்ல நெறியுரையாளரிடம் சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்துக் கல்லூரி செல்வது கூடுகிறது. ஏழைப் பிள்ளைகளும் மதிப்பெண் குறைந்தோருமே இதனால் மிகுந்த பயன் அடைகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் சற்றே எண்ணுங்கள்: ஒரு பிள்ளையின் வாழ்வு அவன் பெயரின் முதலெழுத்தில் தொங்குவதா? ஒருவருக்கு 250 மாணவர்களுக்கு மேல் கூடாது என்பது அந்நாட்டுப் பள்ளி நெறியுரையாளர் சங்கத்தின் கொள்கை. 2022-23 கல்வியாண்டில் நாட்டின் சராசரியோ 385. முந்நூற்று எண்பத்தைந்து முகங்களை ஒருவர் எங்ஙனம் நினைவில் வைப்பார்? முகம் மறையும்போது மதிப்பெண்ணும் நிறமும் தெருவின் பெயருமே எஞ்சும். மேசன் ஊர் ஆசிரியரின் தவறு அங்கேதான் மீண்டும் பிறக்கிறது.

அது மீண்டும் பிறந்ததற்கும் சான்று உண்டு. அதே சிகாகோ நகரத்து மாணவி ஒருத்தி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினாள். பள்ளி நெறியுரையாளர் சில நிமிடப் பேச்சிலேயே, அவள் அதற்குரியவளாகத் தோன்றவில்லை என்றார். மாணவி சோர்ந்துவிடவில்லை. தன்னை நன்கறிந்த மற்றொரு பள்ளிப் பெரியவரிடம் சென்று பரிந்துரைக் கடிதம் பெற்றாள், பிரின்ஸ்டனில் சேர்ந்தாள். அவரே மிஷெல் ஒபாமா. தம் 2018ஆம் ஆண்டு நூலில் இதை எழுதியிருக்கிறார். அவர் அதிபரின் துணைவியாக இருந்தபோது, சிறந்த பள்ளி நெறியுரையாளரை 2015 முதல் வெள்ளை மாளிகைக்கே அழைத்துச் சிறப்பித்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. தமக்கு ஒரு வாயில் அடைக்கப்பட்டதற்காக அவர் அந்தப் பணியை வெறுக்கவில்லை. அப்பணி எத்துணைப் பெரியது என்பதை அந்த அடைப்பிலிருந்தே உணர்ந்தார் போலும்.

மால்கமுக்கும் மிஷெலுக்கும் இடையே இருந்த வேறுபாடு அறிவிலா? இல்லை. ஒருவர் மறுத்தபோது சென்று நிற்க இன்னொருவர் பள்ளிக்குள் இருந்தாரா என்பதில்தான். மேசன் பள்ளியில் அச்சிறுவனுக்கு அத்தகைய இரண்டாம் மனிதர் இல்லை. குழு வேண்டும் என நாம் வற்புறுத்துவதன் அறக்காரணம் இதுவே. மனிதர் தவறக்கூடியவர், நல்லவரும் தவறுவர். ஆகையால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஒருவருடைய ஒரே பார்வையில் முடிந்துவிடலாகாது.

வெற்றி என்பது வழக்கறிஞராவதும் பிரின்ஸ்டன் செல்வதும் மட்டுமன்று. தச்சனாக விரும்பும் பிள்ளை தேர்ந்த தச்சனாவதும் வெற்றியே. அதை அவனே, எல்லா வழிகளையும் அறிந்தபின், தேர்ந்திருக்க வேண்டும். நம்மில் ஆசிரியராகவோ, பெற்றோராகவோ, தெருவில் மூத்தவராகவோ இல்லாதவர் யார்? ஒரு பிள்ளை தயங்கித் தயங்கித் தன் ஆசையை நம்மிடம் சொல்லும் நாள் நமக்கும் வரும். அன்று அந்த ஆசை அவனுக்குப் பொருந்துமா என அளந்து விடை சொல்லுமுன், அதற்குச் செல்லும் வழி எது எனச் சொல்லுவோம். வழி நமக்குத் தெரியாவிடில், தெரிந்தவரிடம் அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுவோம்.