உண்மைக்குச் சாட்சி யார்?

"உண்மை என்று ஒன்று உண்டா? ஆளுக்கொரு உண்மைதானே!" என்று கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் பெயர்களுள் ஒன்று, பிரெஞ்சு தத்துவ அறிஞர் மிஷேல் ஃபூக்கோ (1926–1984).

மனநோய் விடுதி, சிறைச்சாலை ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்ந்தவர் அவர். எது உண்மை, யார் சொன்னால் அது உண்மை என்று ஒரு சமுதாயம் தீர்மானிப்பதில் அதிகாரத்துக்கும் பங்குண்டு என்று 1970-களில் அவர் எடுத்துரைத்தார். 'ஆகவே உண்மையே கிடையாது' என்று பலர் இதற்குப் பொருள் கொண்டுவிட்டனர்.

ஆனால் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் பாரிஸ் நகரில் அவர் நிகழ்த்திய இறுதி விரிவுரைகளின் பொருள் வேறு. தனக்கு ஆபத்து என்றறிந்தும், கடமையென உணர்ந்து, வலியவர் முன் உள்ளதை உள்ளபடி சொல்வதைப் பண்டைக் கிரேக்கர்கள் 'பரேசியா' என்றனர். அதைப் பற்றித்தான் அவர் பேசினார். கொடுங்கோலன் டயோனிசியஸின் முன் பிளேட்டோ பேசியதை உதாரணம் காட்டினார். சொல் சரிதானா என்பது மட்டுமல்ல, சொல்பவன் அதற்காக எதை இழக்கத் தயார் என்பதும் கேள்வியாயிற்று.

'அல்-ஹக்' என்பது அல்லாஹ்வின் திருநாமம். எனவே, உண்மை மனிதர் வகுத்ததன்று என்பது நமது ஈமான். இதில் ஃபூக்கோவின் பாதை வேறு, நம் பாதை வேறு. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நமக்குப் புதிதன்று. கொடுங்கோல் ஆட்சியாளன் முன் நியாயத்தைச் சொல்வதை மேலான ஜிஹாதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போற்றியிருக்கிறார்கள்.

மன்னர் சபை இருக்கட்டும். நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். தகப்பனார் மௌத்தானபின் சொத்துப் பிரிக்க உட்காருகிறார்கள். பெண்மக்களுக்கும் பங்குண்டு என்பது அன்னிஸா அத்தியாயத்தின் தெளிவான கட்டளை. அது அங்குள்ள அனைவருக்கும் தெரியும். "அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டதே" என்கிறார் மூத்த மகன். சபை அடங்கிவிடுகிறது. அவர் சொன்னதே அன்று உண்மையாகிறது! இங்கே பேசியது அதிகாரம்தான் என்று ஃபூக்கோ சொன்னால் நம்மால் மறுக்க முடியுமா?

ஆனால் தங்கையின் பங்கு அல்லாஹ்விடம் பொய்யாகிவிடவில்லை. சொல்வாரின்றிக் கிடக்கிறது, அவ்வளவே. தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அதே அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் தரும் கருத்து. தன் பங்கும் குறையும் என்று தெரிந்தே, "தங்கச்சிக்கும் பங்குண்டு, காக்கா" என்று ஒரு தம்பி வாய் திறந்தால், ஷஹாதத் மொழிந்த நாவுக்கு அவன் உரிமை செய்தவனாவான்.

அந்தத் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.