ஒரே ஊரில் செல்லும் காசு

1987 மே மாதத்தில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ஒரு புதுப் பணம் விற்பனைக்கு வந்தது. பெயர் டிஸ்னி டாலர். ஒரு டாலர் தாளில் மிக்கி மவுஸ், ஐந்து டாலர் தாளில் கூஃபி, சில ஆண்டுகள் கழித்து வந்த பத்து டாலர் தாளில் மின்னி. பார்வைக்கு அசல் நோட்டின் தம்பி மாதிரி இருக்கும். வரிசை எண் உண்டு. அதில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அனஹைமில் உள்ள டிஸ்னிலாந்து, 'டி' இருந்தால் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு. அரசாங்க நோட்டில் கருவூலப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடுகிற இடத்தில், ஸ்க்ரூஜ் மெக்டக் என்ற கார்ட்டூன் வாத்து, பொருளாளர் என்ற பதவியோடு கையெழுத்துப் போட்டிருந்தது.

ஒரு அமெரிக்க டாலரைக் கொடுத்தால் ஒரு டிஸ்னி டாலர். பூங்காக்களில் செல்லும், டிஸ்னி ஓட்டல்களில் செல்லும், ஊர் ஊருக்கு இருந்த டிஸ்னி கடைகளில் செல்லும். அந்த வாசலைத் தாண்டினால் வெறும் படம் போட்ட காகிதம். காலாவதித் தேதி மட்டும் கிடையாது.

பெரும்பாலோர் இதை நினைவுப் பொருளாகத்தான் வாங்கினார்கள். ஆனால் வேறொரு கூட்டமும் இருந்தது. பூங்காவுக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வசிக்கும் குடும்பங்கள். சம்பளம் வந்த வாரம், ஊரிலுள்ள ஷாப்பிங் மாலின் டிஸ்னி கடைக்குப் போய், பத்தோ இருபதோ கொடுத்து மிக்கி நோட்டாக மாற்றிக்கொண்டு வருவார்கள். வீட்டில் ஒரு உறைக்குள் போட்டுவைப்பார்கள். ஒன்றிரண்டு ஆண்டில் உறை தடிக்கும். அதுதான் அவர்களுடைய விடுமுறைச் சேமிப்பு.

கணக்குத் தெரிந்தவர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். நாடு முழுக்கச் செல்லும் பணத்தைக் கொடுத்து, ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குள் மட்டும் செல்லும் பணத்தை வாங்குவதா? வங்கியில் போட்டால் கொஞ்சமாவது வட்டி வரும். இதில் வட்டி இல்லை. தொலைந்தால் தொலைந்ததுதான். அவசரத்துக்கு மருந்துக் கடையில் நீட்ட முடியாது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நஷ்டம்.

அவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்தக் குடும்பங்கள் முட்டாள்கள் இல்லை. அவர் நஷ்டம் என்று பட்டியல் போட்டாரே, அந்தக் குறைகளைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மருந்துக் கடையில் செல்லாது, பெட்ரோல் பங்கில் செல்லாது, வெள்ளிக்கிழமை ராத்திரி பீட்சா வாங்க உதவாது. அதனால்தான் அது உறைக்குள் உட்கார்ந்திருந்தது.

பணத்தின் பெரிய பலம், அது எதற்கும் ஆகும் என்பது. கையில் தங்காமல் போவதற்கும் அதே பலம்தான் காரணம். எதற்கும் ஆகும் பணம், யார் கூப்பிட்டாலும் போய்விடும். காரின் டயர் கூப்பிடும், கல்யாண மொய் கூப்பிடும், கடைக்காரன் ஒட்டிய தள்ளுபடி நோட்டீஸ் கூப்பிடும். ஒவ்வொரு அழைப்பும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஆடம்பரச் செலவு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் வருஷக் கடைசியில், போகலாம் என்று நினைத்த ஊருக்குப் போக மட்டும் பணம் இருக்காது. தூரத்தில் இருக்கிற ஆசைக்குக் குரல் சன்னமாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற தேவைக்குத் தொண்டை பெரிது.

ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் இந்த மன இயல்பை ஆராய்ந்தவர். 2017-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு டாலருக்கும் இன்னொரு டாலருக்கும் வித்தியாசம் கிடையாது என்பது பாடப்புத்தகம். மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை என்பது தேலர் காட்டியது. வாடகைப் பணம், சாப்பாட்டுப் பணம், பண்டிகைப் பணம் என்று மனசுக்குள் தனித்தனி டப்பாக்கள் வைத்திருக்கிறோம். ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கை கூசும். டிஸ்னி டாலர் செய்த வேலை, மனசுக்குள் இருந்த அந்த டப்பாவுக்கு ஒரு முகத்தை அச்சடித்துக் கொடுத்ததுதான்.

தமிழ் வீடுகளுக்கு இது புதுசில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து திருப்பதிக்கு என்று சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். அடுத்த வாரம் வீட்டில் பால் வாங்கக் காசு இருக்காது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார்களே தவிர, அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள். துணிக்குள் இருப்பதும் அரசாங்கம் வெளியிட்ட அதே ரூபாய்தான். போகிற இடம் முடிவாகிவிட்டதால் அது வேறு பணம் ஆகிவிட்டது.

மனசின் இந்தச் சுபாவத்தை வங்கிக்காரர்களும் கண்டுகொண்டார்கள். 1909-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற சிற்றூரில், மெர்க்கல் லாண்டிஸ் என்ற வங்கிப் பொருளாளர் கிறிஸ்துமஸ் கிளப் என்றொரு கணக்கைத் தொடங்கினார். வாரம் தவறாமல் சில்லறைக் காசு கட்ட வேண்டும். பண்டிகைக்கு முன்னால் மொத்தமாகக் கையில் கிடைக்கும். சாதாரணச் சேமிப்புக் கணக்கு இருக்கும்போது இது எதற்கு என்று ஜனங்கள் கேட்கவில்லை. திட்டம் அமெரிக்காவெங்கும் பரவியது.

அதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் ஒரு கிராமப்புற வங்கியை வைத்து மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரிடம் புதுக் கணக்கு ஒன்றை நீட்டினார்கள். நீங்களே ஒரு தொகையோ தேதியோ குறித்துக்கொள்ளுங்கள், அது வரும்வரை உங்கள் பணத்தை நீங்கள் எடுக்க முடியாது. சாதாரணக் கணக்கைவிட ஒரு காசு வட்டி கூடக் கிடையாது. சொந்தப் பணத்துக்கு வலியப் போய் யார் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள்? நூற்றுக்கு 28 பேர் போட்டுக்கொண்டார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டு முடிவில் இந்தக் கணக்கு காட்டப்பட்டவர்களின் சராசரிச் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது. வேண்டாம் என்று மறுத்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இதை மனவுறுதி இல்லாதவர்களின் ஊன்றுகோல் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னை நன்றாக அறிந்தவர்தான் தனக்கு வேலி போடுவார். இன்றைக்கு உள்ளவனும் அடுத்த வருஷம் வரப்போகிறவனும் ஒரே ஆள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் இன்றைக்கு உள்ளவன் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். வரப்போகிறவனுக்கு வாய் கிடையாது. அவனுக்காகப் பேச யாராவது வேண்டும். பல் தெரியச் சிரிக்கும் கூஃபியாக இருந்தாலும் பரவாயில்லை.

வேலி போட்டுத் தருகிறவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு இதில் தர்மசிந்தனை ஏதுமில்லை. விற்ற ஒவ்வொரு நோட்டும், அது செலவாகும் நாள்வரை, கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன். ஞாபகார்த்தமாக மேசை டிராயருக்குள் போன நோட்டு, திரும்பக் கேட்கப்படாத கடன். வாங்கினவர் பக்கத்தில் பணம் தூங்கிக்கொண்டிருக்க, விற்றவர் பக்கத்தில் விலை நடந்துகொண்டிருந்தது. 1955-இல் டிஸ்னிலாந்து திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். உள்ளே ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. 2015-இல் புளோரிடாவின் மேஜிக் கிங்டத்தில் ஒருநாள் டிக்கெட் 105 டாலர். 2024-இல் டிஸ்னிலாந்தில் கூட்டம் அதிகமுள்ள நாளின் டிக்கெட் 206 டாலர். 1987-இல் வாங்கி வைத்த மிக்கி நோட்டு இன்றும் ஒரு டாலர்தான். நோட்டு செல்லும், எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் கேள்வி.

கம்பெனியே படுத்துவிட்டால் அந்தக் கேள்விக்கும் இடமில்லை. பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற நிறுவனத்திடம், கிறிஸ்துமஸ் பரிசுக் கூடைக்கும் கடை வவுச்சருக்குமாக ஏழை எளியவர்கள் வருஷம் முழுக்கத் தவணை கட்டிவந்தார்கள். 2006 அக்டோபரில், பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அது திவாலானது. லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் போனது. அவர்கள் வாங்கிய வேலியும் இதே மாதிரிதான். வேலிக்காரன் ஓடிவிட்டான்.

டிஸ்னி ஓடவில்லை. 2016 மே மாதத்தில் டிஸ்னி டாலர் விற்பனையை நிறுத்தியபோதும், ஏற்கெனவே விற்ற நோட்டுகளைப் பூங்காக்களில் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் பரிசு அட்டை இருக்கிறது. பேரங்காடியில் மளிகை வாங்கும்போதே மாதாமாதம் ஓர் அட்டை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அமெரிக்கக் குடும்பங்களில் தொடர்கிறது.

பழைய நோட்டுகளை இன்று பூங்காவில் நீட்டுகிறவர்கள் குறைவு. ஆரம்ப ஆண்டுகளின் நோட்டுகள் மடிப்பில்லாமல் இருந்தால் சேகரிப்பாளர்கள் முகமதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். செலவழிக்கச் சேர்த்தது, செலவழிக்க மனசு வராத பொருளாகிவிட்டது. அந்த நிறுவனத்தில் இதற்கு முன்னோடியும் உண்டு. 1982 வரை டிஸ்னிலாந்தில் சீட்டுப் புத்தகம் விற்றார்கள். ஏ, பி, சி என்று தரவாரியாகச் சீட்டுகள். 1959-இல் சேர்ந்த 'இ' சீட்டுதான் பெரிய ராட்டினங்களுக்கு. எல்லோரும் 'இ' சீட்டை முதலில் கிழித்துக் கொடுத்துவிட்டு, சின்ன ராட்டினங்களுக்கான 'ஏ' சீட்டையும் 'பி' சீட்டையும் அடுத்த முறை வரும்போது ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை வராமலே போன வீடுகள் எத்தனையோ. பெரியவர்கள் இறந்தபின் அலமாரியை ஒழிக்கும்போது அந்தச் சீட்டுகள் இன்றும் அகப்படுகின்றன.

இங்கேதான் நோட்டில் கையெழுத்துப் போட்ட வாத்தின் ஞாபகம் வருகிறது. ஸ்க்ரூஜ் மெக்டக், கார்ல் பார்க்ஸ் என்ற ஓவியர் 1947-இல் படைத்த மகா கஞ்சன். தங்கக் காசுக் குவியலில் நீச்சல் அடிக்கிறவர். தான் முதன்முதலில் சம்பாதித்த பத்து சென்ட் நாணயத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறவர். கடைசிவரை அதைச் செலவழிப்பதில்லை. ஊர்சுற்றிப் பார்க்கச் சேர்க்கும் பணத்துக்கு அவரைப் பொருளாளராகப் போட்டதில் வேடிக்கையும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. சேர்க்கக் கற்றவனுக்கு வரும் நோய், சேர்ப்பதே சுகம் என்று ஆகிவிடுவது. உறை தடிக்கத் தடிக்க அதைப் பிரிக்க மனசு வராது. இன்னும் கொஞ்சம் சேரட்டும், அடுத்த வருஷம் வசதியாகப் போகலாம் என்று தோன்றும்.

உறையில் உள்ள நோட்டு காத்திருக்கும். யாருக்காகச் சேர்த்தோமோ அவர்கள் காத்திருப்பதில்லை. டிஸ்னிலாந்தின் ஸ்பேஸ் மவுன்டன் ராட்டினத்தில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும். வாசலில் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்; ஒரு அங்குலம் குறைந்தாலும் விட மாட்டார்கள். குறைந்தபட்ச உயரத்துக்குத்தான் அப்படி ஒரு கோல். மிக்கி வேஷம் போட்டவரை நிஜ மிக்கி என்று நம்பிக் கட்டிக்கொள்ளும் வயசுக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. அதை அளக்க எந்த வாசலிலும் கோல் கிடையாது. ஐந்து வயசில் கைகொட்டிய பிள்ளை பன்னிரண்டு வயசில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடப்பான். டிக்கெட் அதே டிக்கெட். வாங்க நினைத்தது மட்டும் கிடைக்காது.

ஆக, சேமிப்பில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் முதல் காரியத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். பணத்தை ஒன்றுக்கு என்று ஒதுக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் செல்லாமல் ஆக்குவது முதல் காரியம். அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். அந்த ஒன்றுக்கு உரிய நாள் வரும்போது மிச்சம் வைக்காமல் அவிழ்ப்பது இரண்டாவது. அதற்குக் கட்டுப்பாட்டைவிடப் பெரியது வேண்டும்: இந்த நாள் திரும்ப வராது என்ற தெளிவு. பிலிப்பைன்ஸ் கணக்கில் பூட்டுப் போடும்போதே திறக்கும் தேதியையோ தொகையையோ எழுதச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் கிளப்புக்குப் பண்டிகை என்ற கெடு இருந்தது. டிஸ்னி டாலரில் காலாவதித் தேதி இல்லாததைப் பெரிய சலுகை என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன் பெரிய குறை அதுவாகவே இருக்கலாம்.

எதற்கும் ஆகும் பணம் கடைசியில் எதற்கும் ஆகாமல் போகிறது. ஒன்றுக்கே ஆகும் பணம் அந்த ஒன்றை நடத்திக் காட்டுகிறது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் ஆகும் பணம் எப்போதும் ஆகாமல் போகும். பணத்துக்கு இடம் குறிக்கிறவர், நாளையும் சேர்த்தே குறித்துவிட வேண்டும். நாள் குறிக்காமல் சேர்க்கிறவர் தன் பிள்ளைகளுக்காகச் சேர்க்கவில்லை, ஸ்க்ரூஜுக்காகச் சேர்க்கிறார்.