மரம் என்ற ஒரே நிறம்

ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட உலக நிலப்போர்வை வரைபடத்தில் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள கெமாஸைத் தேடிப் பாருங்கள். ரயில் சந்திப்பைத் தாண்டினால் பச்சைதான். உலகம் முழுவதையும் 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, 11 வகைக்குள் அடக்கிய படம் அது. அதில் ‘மரப்போர்வை’ என்ற ஒரே வகைக்குள் காடும் அடக்கம், பால்மரம் எனப்படும் ரப்பரும் செம்பனையும் அடக்கம்.

2021ஆம் ஆண்டுப் பதிப்பின் துல்லியம் 76.7 விழுக்காடு. உலகெங்கும் புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று வட்டார வல்லுநர்கள் இன்னும் கூர்மையான படங்களில் பார்த்துக் குறித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டதில் வந்த எண் இது. நேர்மையான, கடினமான வேலை. ஆனால் ஒரு புள்ளி செம்பனைத் தோட்டத்தில் விழுந்து, வரைபடமும் ‘மரம்’ என்று சொல்லிவிட்டால் அது ‘சரி’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

இதே நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது. அங்கே 50 ஹெக்டேரில், 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் எண் கட்டி, இனம் கண்டு, 1980களின் நடுவிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். காட்டை ஒட்டியே செம்பனை. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

மரத்துக்கு மரம் அறிந்தவர்கள் தோட்டங்களிலும் இருந்தார்கள். விடியுமுன் நிரைக்குப் போன பால்மரத் தொழிலாளிக்கு நாளுக்கு ஏறக்குறைய 500 மரம். எதில் பால் வற்றிவிட்டது, எது பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு நிறையச் சுரக்கும், எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, நாடெங்கும் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆளற்றுப் போயின. மலேசியத் தமிழர் வாழ்வைப் புரட்டிப்போட்ட இந்த மாற்றம், நிலப்போர்வை வகைப்படி பார்த்தால் மாற்றமே இல்லை: மரம் நின்ற இடத்தில் மரம்.

செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். செம்பனை அப்படி உதிர்க்காது. அடுத்தடுத்த படங்களை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். ரேடார் மேகத்தையும் ஊடுருவும். பிரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்வி தரையில் வாழ்ந்தவரிடமிருந்துதான் வரும்.

கள ஆய்வுக்கு வருகிறவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு, அந்த மண்ணில் உழைத்து ஓய்ந்த ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும். அவர்களுடைய படிவத்தில் ‘இப்போது நிற்பது’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘முன்பு நின்றது, குடியிருந்தவர்கள்’ என்று இன்னொரு கட்டம் சேரட்டும். அதை நிரப்பக்கூடியவர்கள் பலருக்கு இப்போதே எண்பதை நெருங்கும் வயது.