சாம்பரும் எச்சிலும்

கலை உழைப்பிற் பிறந்தது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆதி வேடன் பாறையில் மானை வரைந்தது, மறுநாள் அம்மான் தன் அம்புக்கு இலக்காக வேண்டுமென்றே எனவும் விளக்கம் தருகிறோம். சென்ற தவணையில் நான் இவ்வாறு கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "வரைந்தது வேடன்தான் என்று எப்படித் தெரியும், ஐயா?" என்றாள். நான் விழித்தேன்.

விடை நம் அயலிலேயே இருக்கிறது. செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடரைப் பற்றி 1911 இல் வெளியிட்ட நூலில், குகைச் சுவர்களிற் காணப்படும் உருவங்களைப் பெண்களே தீட்டினர் என்னும் செய்தி உண்டு. வேட்டைக்குச் சென்ற ஆடவர் மீளும்வரை பொழுதைப் போக்க, சாம்பரை எச்சிலிற் குழைத்து விரலாற் பூசினராம். வயநாட்டு எடக்கல்லிற் போலக் கல்லைக் குடைந்து செதுக்கியவை அல்ல இவை. மாரி நீர் அழித்தால் அழியட்டும்!

பொழுதுபோக்கு என்றதும் நம் தோழர் சிலர் முகஞ்சுளிப்பர். பயன் கருதாதது கலையாகுமா என்பர். காத்திருத்தலை அவர்கள் வேலையாகக் கணிப்பதில்லை. இரவில் வாவியில் வலைவீசப் போனவனை எதிர்பார்த்து விடியுமட்டும் விழித்திருப்பவளைக் கேளுங்கள். கரடி உலாவும் காட்டுக்குப் போனவன் மீள்வானோ என்ற அச்சத்தோடு சுவரில் விரலோட்டியவள் பயன் கருதவில்லைதான். ஆயினும் அன்றைய உணவும் உயிரும் பற்றிய கவலை முழுவதும் அவ்விரலில் இருந்தது. வேடன் வரைந்தான் என்ற நம் பாடம், உழைப்பின் பெயராலேயே உழைத்தவளை மறைத்துவிட்டது.

இதனினும் கொடிய மறைப்பொன்று உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பண்டைச் சின்னங்களைக் காக்கிறது, நன்று. ஆயின் 1983 இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவானபோது, அங்கு வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம்பானையின் முதியவர் திசாகாமி வெளியேற மறுத்தார். மூதாதையர் காட்டில் வில்லோடு நுழைந்தவன் குற்றவாளியானான். கோட்டுக்குக் காப்பு, கோடிட்டவளின் பேரனுக்கு வழக்கு! காடு காக்கப்பட வேண்டியதே, யானைக்கும் இடம் வேண்டும். அக்காட்டை அத்தனை காலம் அழியாமல் வைத்திருந்தவர் யார் என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணவில்லை.

சட்டத்தை மட்டும் பழித்து நான் தப்பிவிட முடியாது. அக்கிழமையே பாடசாலை முற்றத்தில், ஒருவனை ஏசுவதற்கு 'வேடன்' என்னும் சொல் பயன்படக் கேட்டேன். வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் வேடர் நம் அயலவராக வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளையொன்று என் வகுப்பு வாங்கில் அமர்ந்திருந்தால், அந்தப் பாடத்தை நான் எங்கிருந்து தொடங்கியிருப்பேன்?