வலியும் காலமும்

1975 ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் குத்துச்சண்டையில் மோதினர். 15 சுற்றுகளும் நடந்து, புள்ளிகளின் அடிப்படையில் அலி வென்றார். மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கான அச்சண்டை மலேசிய மண்ணில் நடந்தமையால், அவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு பினாங்கு ஒட்டுக்கடைகளுக்கும் உரியதாயிற்று. அப்பேச்சில் முடிவுறாத வினா ஒன்று உண்டு: இளமைக்கால ஜோ லூயிசும் இளமைக்கால அலியும் எதிர்ப்பட்டிருந்தால் வென்றிருப்பவர் யார்?

நடவாத சண்டைக்குத் தீர்ப்பு எதற்கு என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் இவ்வினாவின் அடியில் ஒரு நீதியுணர்வு இருக்கிறது. 1951 ஆம் ஆண்டு, வரிக்கடனால் மீண்டும் களமிறங்கிய 37 வயது லூயிசை, 28 வயது ராக்கி மார்சியானோ எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1980 இல், தம்மிடம் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்சிடம் அலி தோற்றார்; அப்போது அவருக்கு வயது 38. அதே ஹோம்சு தம் 38 ஆம் வயதில், 1988 இல், 21 வயது மைக் டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். இத்தீர்ப்புகள் பொய்யல்ல, ஆயின் அவை அந்தந்த இரவுக்கு மட்டுமே உரிய உண்மைகள். மூத்தவனுக்கு அவன் இளமையைத் திருப்பித் தந்து, மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவே மனித மனம் விரும்புகிறது.

அவ்விருப்பத்தை நிறைவேற்றக் கணிப்பொறியும் துணைக்கு அழைக்கப்பட்டது. அலியும் மார்சியானோவும் 1969 இல் படப்பிடிப்புக்காகப் பொய்ச்சண்டை இட்டனர். படம் வெளிவந்தது 1970 இல். அதற்குள் மார்சியானோ வானூர்தி விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்கத் திரையில் 13 ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவுக்கோ அலி வெல்லும் முடிவு அனுப்பப்பட்டது. பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. அதனை இயக்கியவர்க்கும் பார்த்தவர்க்கும் இருந்தது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழாசிரியர் அறிவர். வலியை மட்டும் அறிதல் போதாது என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது. கற்பனைச் சண்டையோ வலியை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, காலத்தையும் இடத்தையும் கழித்துவிடுகிறது.

அலியின் உச்சம் எது? 1966 இல் கிளீவ்லாந்து வில்லியம்சை மூன்றே சுற்றுகளில் வென்ற விரைவு என்பர் சிலர். மறு ஆண்டே அவர் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார்; பட்டம் பறிக்கப்பட்டது; 1970 வரை களம் மூடப்பட்டது. உடலின் மிகச்சிறந்த ஆண்டுகளை மனச்சான்றுக்கு விலையாகக் கொடுத்தார். 1974 இல் கின்சாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வென்றவர் கால் விரைவு குறைந்த அலி. அடிகளைத் தாங்கி, எதிரி களைக்கும் வரை காத்திருந்த அலி. விரைவின் உச்சம் வேறு, பொறுமையின் உச்சம் வேறு. 1966 ஐத் தேர்ந்தால் அந்த மறுப்பையும் மீட்சியையும் இழக்கிறோம். ஒருவனை ஓர் ஆண்டில் நிறுத்தி அளக்கும்போது, அளக்கப்படுவது அவன் முழுமை அன்று.

அவ்வாறாயின் ஒப்பிடுதலே தவறா? அன்று. ஒவ்வொருவர் திறத்தையும் விளங்கிக்கொள்ள ஒப்பீடு உதவும். உயர்ந்தவர் இவர், தாழ்ந்தவர் அவர் என்று முத்திரை குத்தும்போதே அது நீதி பிறழ்கிறது.

இப்பிழை குத்துச்சண்டை அரங்கோடு நிற்பதில்லை. பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு தேர்வைக்கொண்டு ஒரு மாணவனின் வாழ்நாளை எடைபோடுவோரும், தளர்ந்த முதியவரின் இன்றைய நடுக்கத்தைக்கொண்டு அவர் முன்னைய உழைப்பை மறப்போரும் செய்வது இதுவே. மலராத பருவத்தையும் உதிரும் பருவத்தையும் கண்டு மரத்துக்குத் தீர்ப்பு எழுதலாகாது. எடைபோடும் முன், எந்தக் காலத்து மனிதனைத் தட்டில் வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதே நடுவுநிலைமையின் முதற்படி.